அண்ணனின் டம்ளரில் சிவப்புப் பொட்டு

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகிக்கு இப்போது 41 வயது. 1998-இல் அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அண்ணன் இறந்துபோனார். அண்ணனுக்கு அப்போது 29. மூளையில் டி.பி. என்றுதான் வீட்டில் சொன்னார்கள். போன வருடம் அம்மாவும் காலமான பிறகு அவரது பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு ஃபைல். அண்ணன் பெயரில் எச்.ஐ.வி. பரிசோதனை ரிப்போர்ட், சில மருந்துச் சீட்டுகள். கூடவே இன்னொரு ரிப்போர்ட், பெயர் இருந்த ஓரம் மட்டும் கிழிக்கப்பட்டது. பக்கத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அந்த டம்ளரைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அதன் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தது நான்தான் டாக்டர். அவன் குடிக்கிறது மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று அப்பா சொன்னார். நான் வைத்தேன். அவன் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். 'நல்லா ரவுண்டா வை' என்றான்."

வரும் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று, அண்ணனின் படத்தையும் முழுப் பெயரையும் போட்டு ஃபேஸ்புக்கில் எழுத வேண்டும் என்பது வாசகியின் ஆசை. எழுபத்தைந்து வயது அப்பா, "செத்தவனை மறுபடியும் சாகடிக்காதே" என்று சொல்லிவிட்டு நான்கு நாள் பேசவில்லை. அண்ணி, அண்ணன் போன ஆறாம் மாதம் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போனவர். வருடத்துக்கு இரண்டு முறை போனில் பேசிக்கொள்வதோடு சரி. அந்தக் குழந்தைக்கு இப்போது 28 வயது, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பானா, 1990-இல் விபத்தில் ரத்தம் ஏற்றியதால் வந்தது என்று அப்பா சொல்வதை அப்படியே எழுதிவிடலாமா, அவனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்ட எனக்கும் இருக்குமா, இப்போதுதான் மருந்து வந்துவிட்டதே, போராட என்ன பாக்கி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் டம்ளரைப் பற்றி ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'நல்லா ரவுண்டா வை' என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உங்களுக்குச் சொன்னது முழுப் பொய் இல்லை. எச்.ஐ.வி. நேரடியாக ஆளைக் கொல்வது குறைவு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது வருடக்கணக்கில் அரித்துவிடும், பிறகு வேறு ஏதாவது வந்து முடிக்கும். அந்த 'வேறு ஏதாவது' அன்றைக்கும் இன்றைக்கும் பெரும்பாலும் காசநோய்தான். உங்கள் அண்ணனுக்கு மூளையில் டி.பி. இருந்திருக்கும், அதில்தான் போயிருப்பார். கதையின் முதல் பாதியைத்தான் வீட்டார் விழுங்கிவிட்டார்கள். நானே அந்தக் காலத்தில், வெளியே கேட்பவர்களிடம் டி.பி. என்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர் என்று கையைப் பிடித்துக் கேட்ட எத்தனையோ பெற்றோருக்குத் தலையாட்டியிருக்கிறேன். சுடுகாட்டில் உடலைத் தொட ஆள் வராது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் வீண் பயமாக இருக்கவில்லை. உங்கள் அப்பாவைக் கோபிக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

டம்ளர், சீப்பு, ஊட்டிவிட்ட கை

உங்களுக்கு அதனால் எதுவும் வந்திருக்காது. எச்.ஐ.வி. பரவும் வழிகள் குறைவு: ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால், அப்புறம் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாயிடமிருந்து குழந்தைக்கு. எச்சில் பட்ட டம்ளரிலோ, சீப்பிலோ, வியர்வையிலோ, ஊட்டிவிடும் கையிலோ பரவாது. மனசு சமாதானமாகவில்லை என்றால் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது எல்லாரும் எடுத்துப் பார்க்க வேண்டிய டெஸ்ட்தான் அது. ஆனால் டம்ளரைக் காரணமாகச் சொல்லிப் போகாதீர்கள்.

அந்தப் பொட்டைப் பற்றிய குற்ற உணர்ச்சிக்கு மருத்துவத்தில் மருந்து இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வெள்ளை கோட் போட்ட நாங்களே அப்போது இரண்டு கையுறை போட்டுக்கொண்டு நாடி பார்த்தோம். பதினான்கு வயதுப் பெண், அப்பா சொன்னதைச் செய்தாள். அண்ணன் அதை விளையாட்டாக மாற்றி உங்களைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

1998-இல் என்ன மருந்து இருந்தது?

பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் என்று நினைத்து நினைத்து உங்களை வருத்திக்கொள்கிறீர்கள். தேதிகளைப் பாருங்கள். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது என்பது 1996 ஜூலையில் கனடாவின் வான்கூவர் மாநாட்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தக் கூட்டு மருந்து ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. பணக்கார நாடுகளில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள், மற்ற நாடுகளில் வரிசையாகச் செத்தார்கள். நோய் ஒன்றுதான், மருந்தும் இருந்தது, விலைதான் நடுவில் நின்றது. 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதாவது நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உங்கள் அண்ணன் போய் மூன்று வருடத்துக்குள்.

எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் அந்த வருடத்தில் உங்கள் குடும்பத்துக்கு அந்த மருந்து கட்டுப்படியாகி இருக்காது. அவரைக் கொன்றதில் வைரஸுக்கு ஒரு பங்கு, விலைக்கு ஒரு பங்கு. அண்ணனைப் பற்றி எழுதும்போது யார் மேலாவது கோபம் வந்தால் இங்கே வரட்டும்.

ரத்தம் ஏற்றியதால் என்று எழுதலாமா?

அப்பா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நீங்கள் அதை எழுத நினைப்பதன் காரணம் கடிதத்திலேயே இருக்கிறது: "அப்போதுதான் அவன் தப்பு செய்யவில்லை என்று புரியும்." அந்த ஒரு வரியை எழுதினால், வேறு வழியில் தொற்று வந்த எல்லாரும் தப்பு செய்தவர்கள் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். கணவனிடமிருந்து வந்தவள், போதை ஊசியில் வந்தவன், ஆணை விரும்பிய ஆண், பாலியல் தொழிலாளி எல்லாரும் அதே வார்டில் அதே இருமலோடுதான் கிடந்தார்கள். எங்களில் சிலர் "எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே கொடுத்தோம். அந்தக் கேள்வியை மறுபடியும் ஆரம்பித்து வைக்காதீர்கள். எப்படி வந்தது என்று சொல்லாமலே ஒருவரை நினைவுகூர முடியும். புற்றுநோயில் போனவருக்கு யாரும் காரணம் எழுதுவதில்லையே.

அண்ணியும் அவர் மகனும்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் இது. "அண்ணி 27 வருடமாக நன்றாகத்தான் இருக்கிறார், அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு தவறு.

மருந்தில்லாமல் விட்டால், தொற்று வந்ததிலிருந்து எய்ட்ஸ் கட்டத்துக்குப் போக சராசரியாகப் பத்து வருடம் ஆகும். மருந்தே இல்லாமல் முப்பது வருடம் நலமாக இருப்பவர்கள் மிக மிகக் குறைவு. ஆக, அண்ணி நலமாக இருக்கிறார் என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். ஒன்று, அவருக்குத் தொற்று வரவே இல்லை. அப்படியும் நிறைய நடக்கும், ஒவ்வொரு உறவிலும் பரவிவிடுவதில்லை. இன்னொன்று, அவருக்குத் தெரியும், பல வருடமாக யாருக்கும் சொல்லாமல் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைய மருந்தை ஒழுங்காகப் போட்டால் ஏறக்குறைய எல்லாரையும் போலவே ஆயுள் உண்டு. வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டால் உடலுறவு மூலமாகக்கூடப் பரவாது. வெளியிலிருந்து பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அந்தக் கிழிந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். அது யாருடையது, அதில் என்ன முடிவு என்று நான் ஊகிக்க மாட்டேன். நீங்களும் ஊகிக்க வேண்டாம். ஆனால் உங்கள் அம்மா ஒரு பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு பெயரைக் கிழித்திருக்கிறார். மகன் போய்விட்டான், இனி அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உயிரோடு இருக்கும் யாரோ ஒருவருக்காக அந்த ஓரத்தைக் கிழித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் அண்ணனின் படத்தைப் போட்டு "எய்ட்ஸில் இறந்தார்" என்று எழுதிய அடுத்த நிமிடம், படிக்கிறவர்கள் அண்ணனைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். "அப்போ அவர் பெண்டாட்டி? அந்தப் பையன்?" என்றுதான் கேட்பார்கள். அதுவும் பெண் பார்க்கிற நேரத்தில். இறந்தவருக்கு ரகசியம் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் நோயாளியின் ரகசியம் அவர் இறந்த பிறகும் ரகசியம்தான், அப்படித்தான் உறுதிமொழி எடுக்கிறோம். தங்கையை அந்த உறுதிமொழி கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் இது இறந்தவரின் ரகசியம் மட்டும் இல்லை. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதற்கு எதிராகப் பல நாடுகளில் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் 2018 செப்டம்பர் 10 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தங்கை அண்ணனைப் பற்றி எழுதுவது இதற்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அண்ணியைப் பொறுத்தவரை சட்டம் கடைசிக் கேள்விதான்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அண்ணியைப் போய்ப் பாருங்கள், தனியாக. போனில் வேண்டாம். "உங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அம்மா பெட்டியில் அண்ணன் ஃபைல் கிடைத்தது, எனக்கு இப்போதுதான் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொல்ல நினைத்தால் சொல்வார். இதுவரை அவருக்கே தெரியாது என்றால், தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவருடையது, ஃபேஸ்புக்கில் இருக்கும் உங்கள் நண்பர்களுடையது அல்ல. அப்படியானால் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று சொல்லுங்கள், அவர் விரும்பினால் கூடவே போங்கள். மகனைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. தாயிடமிருந்து தொற்றி, மருந்தும் இல்லாமல் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டியதில்லை. 28 வயதில் திடமாக இருக்கிறார் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனாலும் 'பெரும்பாலும்' என்பதை ஒரு டெஸ்ட்தான் தீர்க்கும். அதை அவரிடம் சொல்ல வேண்டியவர் அவருடைய அம்மா.

அண்ணி வேண்டாம் என்றால் பெயரோடு எழுதாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் இல்லாமலும் நினைவுகூரலாம்

பெயரைப் போடாவிட்டால் அது அண்ணனை மறுபடி ஒளித்துவைப்பது என்று நினைக்கிறீர்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் விரிந்த புல்வெளியில், எய்ட்ஸில் போனவர்களுக்காகத் தைத்த துணிகளை விரித்து வைத்தார்கள். 1,920 துணிகள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒரு ஆளைப் புதைக்கும் அளவு. அம்மாக்களும் நண்பர்களும் காதலர்களும் தைத்தவை. பழைய சட்டை, ஜீன்ஸ் துண்டு, பொம்மை என்று இறந்தவருக்குப் பிடித்த எதையாவது சேர்த்துத் தைத்தார்கள். அவற்றில் பலவற்றில் முழுப் பெயர் கிடையாது. முதல் பெயர் மட்டும், சிலவற்றில் இனிஷியல் மட்டும். குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது தைத்தவருக்கே பயம். அந்தத் துணிகளையும் மற்றவற்றோடு சேர்த்துத்தான் விரித்தார்கள். இன்று அது ஏறக்குறைய ஐம்பதாயிரம் துணிகளாக வளர்ந்திருக்கிறது.

தெரியச் சொல்வதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் அண்ணன் போன அதே 1998 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே குகு த்லாமினி என்ற பெண், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று பொதுவில் சொன்ன சில நாட்களில் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் அந்த நாட்டில், மருந்து எல்லாருக்கும் வேண்டும் என்று ஒரு இயக்கம் தொடங்கியது. அதன் ஆட்கள் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தொற்று உள்ளவரும் போட்டார், இல்லாதவரும் போட்டார். யார் எது என்று வெளியே நிற்பவனால் பிரிக்க முடியாமல் செய்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் கெட்டிக்காரத்தனமான அஞ்சலி கிடையாது. பின்னாளில் நெல்சன் மண்டேலாவே அந்த டி-ஷர்ட்டைப் போட்டார். 2005 ஜனவரியில் தன் மகன் எய்ட்ஸில் இறந்ததை அவரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் மண்டேலா, அவரால் முடிந்தது. உங்கள் அப்பாவிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

அப்பாவிடம் அனுமதி கேட்பதை நிறுத்துங்கள். பதிலாக அண்ணனைப் பற்றிக் கேளுங்கள். முதல் சைக்கிள் எப்போது வாங்கினான், எந்தப் பாடத்தில் ஃபெயில் ஆனான், கல்யாணத்தன்று என்ன கலாட்டா. 27 வருடமாக அந்த வீட்டில் அவர் பெயரைச் சொன்னாலே நோய் ஞாபகம் வரும் என்று பேச்சையே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நோயை மறைக்கப் போய் ஆளையே மறைத்துவிட்டீர்கள். டிசம்பர் 1-க்கு முன்னால் வீட்டுக்குள் இதைச் செய்துபாருங்கள்.

போராட என்ன பாக்கி?

மருந்து வந்துவிட்டது, உண்மை. ஆனால் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு தரும் கணக்குப்படி 2024-இல் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களில் இறந்தவர்கள் சுமார் 6,30,000 பேர். புதிதாகத் தொற்று வந்தவர்கள் சுமார் 13 லட்சம். உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் நான்கு கோடிக்கும் மேல், அதில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் இன்னும் மருந்துக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் சிகிச்சை மையங்கள் கதவைச் சாத்தின. இன்னொரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் தொற்று வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசி வந்திருக்கிறது. அது யாருக்கு, என்ன விலையில் கிடைக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. 1998-இல் பார்த்த அதே கேள்வி.

உங்களைக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே நடத்தும் அமைப்புகள் பல இடங்களில் உண்டு, அவர்களிடம் போய் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்ன வேலையாகத்தான் இருக்கும். மருந்தை நடுவில் நிறுத்தியவரோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது, படிக்கத் தெரியாதவருக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது. அந்த வரிசையில் நிற்க நீங்கள் யாருடைய தங்கை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்தான தொடர்பு ஏதாவது நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம் என்பது இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியாது. அதை நான்கு பேருக்குச் சொன்னாலும் சரிதான்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பேனா மாற்றி எழுதியிருக்கும் அந்த வரி. "டம்ளரை எடுத்து வைத்திருக்கிறேன். பொட்டு இன்னும் போகவில்லை. அதில் தண்ணீர் குடிக்கலாமா டாக்டர்?"

குடிக்கலாம். நன்றாகக் கழுவிவிட்டுக் குடியுங்கள், 27 வருடத் தூசி இருக்கும்.